மலையிலிருந்து இறக்கப்பட்டோர்

கொடைக்கானல்
4 சூன் 2024

முனைவர் மணிமேகலை அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் உங்களோடு பொருளியல் கற்ற பவுல்ராஜ் எழுதுகிறேன். இருபத்தாறு ஆண்டுப் பழக்கத்தில் உங்களை இப்படி விளிப்பது இதுவே முதன்முறை. தில்லிப் பேராசிரியரின் கட்டுரையைப் படித்துவிட்ட மலைநாட்டுக் கல்லூரி ஆசிரியன் அவரை வேறு எப்படி விளிப்பான்?

நான்கு முறை தொலைபேசியில் அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆய்வுக்குழுவின் பொது முகவரிக்கு மின்னஞ்சல் எழுதினால் உங்கள் கூட்டாய்வாளர் ஐவரின் கண்ணிலும் படும். ஆகவே தாளையும் அஞ்சல்தலையையும் நாடினேன்.

கட்டுரை வெளிவந்துவிட்டது. நன்றியுரையில் என் பெயரும் இருக்கிறது. 'பழனி மலைத்தொடருக்கு உழைக்கப் போனோர், அடிவாரத்திலேயே தங்கிவிட்டோரைவிட உடல்நலம் மிக்கோராக உள்ளனர். நூறாண்டுக்கு முன் சமயப் பணியாளர் மலையில் நிறுவிய மருந்தகங்களின் பயன் இன்றும் தொடர்கிறது' என்பது உங்கள் முடிவு. அதாவது, அய்யம்பாளையத்திலிருந்து கேரட் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்க வந்தவனின் நுரையீரலை, எப்போதோ மறைந்த பாதிரியார் ஒருவரின் மருந்துக் குப்பி இன்றும் காத்துநிற்கிறது. இதை நான் மேடையில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நீங்கள் அட்டவணை போட்டுச் சொன்னதால் கைதட்டுகிறார்கள்.

கைதட்டலோடு நின்றிருந்தால் இம்மடலுக்குத் தேவை இராது. பேத்துப்பாறைக்குச் செவ்வாய்தோறும் ஒரு மருத்துவ ஊர்தி வருகிறது. நீங்களும் அதில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டீர்கள். சுற்றிலுமுள்ள தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவம் என்று இருப்பது அது ஒன்றே. அதை நடத்தும் குறிஞ்சிவளம் அறக்கட்டளை, ஊர்தியை வேறிடத்துக்கு மாற்றப்போகிறது. ஆகத்து 27 அன்று குழு கூடி முடிவெடுக்கும். கோப்பின் முதல் தாள் உங்கள் கட்டுரையின் முதல் பக்கம்.

திட்ட அலுவலரிடம் ஒரு மணி நேரம் வாதிட்டேன். "சார், நீங்க நல்லாப் பேசுவீங்க, ஊருக்கே தெரியும். ஆனா இந்தப் பேப்பர்ல ரெண்டாயிரத்து நானூறு குடும்பம் பேசுதே" என்றார்.

தங்கமுத்து பேசவில்லை. பேத்துப்பாறைத் தோட்டத்தில் பதினோரு ஆண்டு மருந்தடித்தவன். இன்று நான்கு படி ஏறினால் மூச்சு நின்றுவிடுகிறது. உங்கள் கட்டுரையில் அவனைத் தேடினேன், காணவில்லை. அவனை எங்கே வைத்தீர்கள்? கூட்ட நாளுக்குமுன், கணிப்பில் பிழை இருக்கிறது என்று அறக்கட்டளைக்கு எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவே.

பவுல்ராஜ்

டெல்லி
15 ஜூன் 2024

பவுல்,

'அவர்களுக்கு' என்று எழுதி உன் கோபத்தைக் காட்டிவிட்டாய். நான் 'நீ' என்றே எழுதுகிறேன். இந்த வயதில் மாற்றிக்கொள்ள வராது.

உன் கடிதத்தில் நெருப்பு இருக்கிறது; வாதம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தேடி எடுத்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஆறு மாதம் தொடர்ந்து எங்கே தங்குகிறாரோ அந்த ஊரின் ஆளாக ஒருவரைக் கொள்வது நான் கண்டுபிடித்த வழக்கம் அன்று. இடப்பெயர்வை ஆராயும் பலரும் அப்படித்தான் கொள்கிறார்கள். மருந்தகங்களைப் பற்றிய முடிவை நான்கு முறைகளில் சரிபார்த்தோம்; நான்கிலும் நின்றது. ஊர்தியை மாற்றச் சொல்லிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. படித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு நான் பொறுப்பா? இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

என் குறையையும் கேள். கள ஆய்வை நடத்தியவன் நீ. பதினாறு களப்பணியாளரும் உன் மாணவர்கள். வினாத்தாளைத் தமிழாக்கியவன் நீ. பயிற்சிக் கையேட்டின் அட்டையில் இருப்பது உன் பெயர். பழைய மருந்தகப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து அனுப்பியவனும் நீ. மூன்று ஆண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அச்சேறிய பிறகு வந்து சிரிக்கிறாய். உள்ளே இருந்து திருத்தியிருக்கலாம். வெளியே நின்று முழங்குவது உனக்கு எப்போதுமே எளிது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஆகஸ்டில் என் பதவி உயர்வுக் குழு கூடுகிறது. என் விண்ணப்பத்தின் முதல் இணைப்பு இந்தக் கட்டுரைதான். இதைச் சொல்லாமல் உன்னிடம் தரவைப் பற்றி வாதிடுவது முறையாகாது.

தங்கமுத்துவைத் தேடினேன். தரவில் பெயர்கள் இல்லை, எண்கள்தாம் இருக்கின்றன. அவருடைய எண் எது?

மணிமேகலை

கொடைக்கானல்
26 சூன் 2024

மணிமேகலை,

அவனுடைய எண் 1163. வினாத்தாள் கட்டுகளைப் பிரித்து, பூஞ்சை தும்மலாக வெளியேறும் வரை தேடி எடுத்தேன்.

'அவர்களுக்கு' போயிற்று, சினம் போகவில்லை.

என் பழைய மாணவியும் அந்நாளின் களப்பணியாளருமான ஜென்சியை அழைத்துக்கொண்டு முதலில் பேத்துப்பாறைக்குப் போனேன். தோட்டத்து மேஸ்திரி கந்தவேல் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "உடம்பு முடியாமப் போனா ஊருக்கு அனுப்பிருவோம் சார். இங்கன வச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது? அவுகளுக்கு இங்க சுடுகாடும் கெடையாது, சொந்தமும் கெடையாது. காய்கறி லாரி எப்படியும் கீழ போகுது. முன்சீட்டுல உக்கார வச்சுத்தேன் அனுப்புவோம். மூட்டை மேல ஏத்துறது இல்ல" என்றார். கடைசி வரியில் ஒரு பெருமிதம் இருந்தது. அதைக் கேட்டபின் அவரோடு சண்டையிட எனக்கு வலுவில்லை.

அய்யம்பாளையத்தில் தங்கமுத்து சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். அவன் பேசவில்லை, மனைவி சண்முகவள்ளி பேசினாள்.

"மேல இருந்த வரைக்கும் ஒங்க ஆஸ்பத்திரி வண்டிக்குப் போகவே மாட்டாரு சார். போனா மேஸ்திரிக்குத் தெரிஞ்சுரும், சீக்காளின்னு கீழ எறக்கி விட்ருவாகன்னு பயம். இருமலை வாய்க்குள்ளயே வச்சு முழுங்குவாரு. நாலு வருசத்துக்கு முன்ன, தீபாவளிக்கு மொத நாள் லாரி வந்து நிக்கிது. என்னடா, சட்டை துணி வாங்கியாந்திருக்காரான்னு பாத்தா, அவரையே எறக்கிவிட்டுப் போறாக."

ஜென்சி அழுதாள். சண்முகவள்ளி அவளைப் பார்த்து, "நீ எதுக்குத்தா அழுகுற? அன்னைக்கு நான் பாக்கிக் கூலி கேட்டு மேல வந்தப்ப, எங்கிட்டக் கேட்டு நோட்டுல எழுதிட்டுப் போன பிள்ளைதான நீ? என்னமோ கிடைக்கும்னு நானும் இருந்தேன்" என்றாள். ஏளனமா, ஆறுதலா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இப்போது உன் வரையறையை எடுத்துப் பார். மலையில் நோயுற்றவன் அடிவாரத்துக்கு அனுப்பப்படுகிறான். ஆறு மாதம் கழிந்ததும் அவன் மலைத் தொழிலாளி அல்லன், அடிவாரத்தான். மலை தந்த நோய் அடிவாரத்தின் பெயரில் எழுதப்படுகிறது. வலுவுள்ளோர் மேலே, வலுவிழந்தோர் கீழே. பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, மலை உடலுக்கு நல்லது என்று உலகுக்கு அறிவிக்கிறோம்.

ஆறு நாளில் இப்படி இறக்கப்பட்ட நாற்பத்தொருவரைக் கண்டேன். கண்டேன் என்பதும் பிழை. அவர்களுள் பதினேழு பேரின் வீட்டில் படத்துக்கு மாலைதான் இருந்தது.

பவுல்

டெல்லி
9 ஜூலை 2024

பவுல்,

பத்து நாளாக வேறு வேலை பார்க்கவில்லை.

மலையிலிருந்து வெளியேறியவர்களாக நம் தரவில் 137 பேர் இருக்கிறார்கள். 137 பேருக்கும் காரணம் குறி 3: 'வேறு பணிக்குச் சென்றார்'. குறி 5 'உடல்நலக் குறைவால் சென்றார்'. அதில் ஒருவரும் இல்லை. நூற்று முப்பத்தேழு பேரில் ஒருவர்கூட நோயால் வெளியேறாத இடம் உலகில் கிடையாது. முதல் நாளே இது என் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. வந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது உன்னைப் பற்றியது. 1163-ஆம் வினாத்தாளின் படத்தைத் திறந்தேன். முதலில் 5 என்று எழுதி அடித்து, 3 ஆக்கியிருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் ஜென்சியின் கையெழுத்து: 'பவுல் சார் சொன்னபடி.' இதே குறிப்பு இன்னும் ஒன்பது தாள்களில் இருக்கிறது. மற்றவற்றில் குறிப்புகூட இல்லை, பழகிவிட்டார்கள் போலும்.

என்ன சொன்னாய், பவுல்? மேடை வேண்டாம். நடந்ததை எழுது.

மூன்றாவது, நீ படியெடுத்து அனுப்பிய பழைய மருந்தகப் பதிவேடு. அங்கே சாவு மிகக் குறைவு என்பதே என் வாதத்தின் அடித்தளம். நோயாளி என்ன ஆனார் என்று எழுதும் பத்தியில் 'குணம்', 'இறப்பு' இரண்டை மட்டுமே எண்ணினோம். மூன்றாவதாக ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருவதை 'பிற' என்று ஒதுக்கிவிட்டோம். இப்போது அதைப் படித்தேன். 'கீழே அனுப்பப்பட்டார்.' ஒன்பது ஆண்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

நூறாண்டாக அந்த மலையில் தொடர்வது நலம் அன்று. இறக்கிவிடும் வழக்கம்தான் தொடர்கிறது. வரலாறு இன்றைய வாழ்வைத் தீர்மானிக்கிறது என்று எழுதினேனே, அது சரிதான். எந்த வரலாறு என்பதில்தான் தவறிவிட்டேன்.

மணிமேகலை

கொடைக்கானல்
18 சூலை 2024

மணிமேகலை,

நடந்ததை எழுதுகிறேன்.

2021 நவம்பர். அடைமழை. அடுக்கம் சாலையில் மண் சரிந்து, களப்பணியாளர் இருவர் நடந்தே கீழிறங்கினர். அன்று காலை மட்டும் நீ மூன்று முறை அழைத்தாய். மாத இறுதிக்குள் தரவு வராவிட்டால் ஆய்வே நின்றுவிடும் என்றாய். அது உண்மைதான், உன்மேல் பழிபோட இதைச் சொல்லவில்லை. அல்லது, சற்றே பழிபோடத்தான் சொல்கிறேன்.

நண்பகலில் பேத்துப்பாறையிலிருந்து ஜென்சி பேசினாள். "சார், அஞ்சு போட்டா பதினோரு பக்கம் தனித்தாள் இருக்கு. ஆளை நேர்ல பாத்துத்தேன் நெரப்பணும்னு போட்ருக்கு. ஆளு அய்யம்பாளையத்துல கெடக்காராம். போய்ட்டு வர ரெண்டு நாள் ஆகும் சார். இது மாதிரி வீட்டுக்கு வீடு வருது."

நான் சொன்ன விடை இது: "மூணு போட்டுட்டு மேல போம்மா. சோலி நெறைய கெடக்கு."

மறுநாள் பதினாறு பேரையும் கூட்டி இதையே நெறியாக்கினேன். 'வீட்டுக்கு வீடு வருது' என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குள் எத்தனை உயிர் இருக்கிறது என்று ஒரு நொடி நின்று எண்ணியிருந்தால், உன் கட்டுரையே வேறாக இருந்திருக்கும். நின்று எண்ணுவது என் பழக்கமில்லை. முழங்குவதே என் பழக்கம். கடந்த மூன்று ஆண்டில் தொழிலாளர் நலம் பற்றி எத்தனை மேடையில் பேசினேன் என்று நினைத்தால் நாக்கு கசக்கிறது.

உனக்கு எழுதிய முதல் மடலில் 'அவனை எங்கே வைத்தீர்கள்' என்று கேட்டேன். வைத்தவன் நானே. தங்கமுத்துவின் எண்ணைத் தேடித் தாளைப் பிரித்தபோதே அந்தப் பென்சில் குறிப்பைப் பார்த்துவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை.

குறியை மாற்றச் சொன்னவன் நான் என்று எழுதிக் கையொப்பமிட்ட வாக்குமூலத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஜென்சிமீது ஒரு சொல்லும் வரக்கூடாது. என் கல்லூரி இதைப் பார்த்தால், ஆய்வு வழிகாட்டிப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிடும். எடுக்கட்டும். ஆகத்து 27-க்குள் அறக்கட்டளைக்கு உன் மடல் போக வேண்டும். ஊர்தி பேத்துப்பாறையிலேயே நிற்க வேண்டும்.

பவுல்

டெல்லி
2 ஆகஸ்ட் 2024

பவுல்,

கட்டுரையின் முடிவு நிற்காது என்று இதழுக்கு எழுதிவிட்டேன். அச்சிட ஒன்பது மாதம் ஆகலாம் என்கிறார்கள். தவறான கட்டுரையை அச்சிட அவர்களுக்கு அவ்வளவு காலம் ஆகவில்லை.

அறக்கட்டளைக்கு எழுதியதன் படி இதனுடன் இருக்கிறது. மலையில் நோயுற்றவர்கள் அடிவாரத்தில் இருக்கிறார்கள், அவர்களை மலையின் நோயாளிகளாகவே கொள்ள வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். பதிவஞ்சலில் போயிற்று.

கூட்டாய்வாளர் ஐவரில் இருவர் என்னோடு பேசுவதில்லை. ஒருவர், 'இதைச் செப்டம்பரில் கண்டுபிடித்திருக்கக் கூடாதா' என்று கேட்டார். என் பதவி உயர்வை எண்ணி அன்பாகத்தான் கேட்டார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன்.

உன் கையொப்பத்துக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. மூன்று ஆண்டு கழித்து வந்திருக்கிறது. அதைப் பெறுவதற்குப் பென்சில் குறிப்பை நான் காட்ட வேண்டியிருந்தது. என் நேர்மையும் அதே மூன்று ஆண்டு கழித்துத்தான் வந்திருக்கிறது. ஆகவே இருவரும் இதைப் பேசாமல் விடுவோம். கூட்டத்தில் என்ன நடந்தது என்று மட்டும் எழுது.

மணிமேகலை

கொடைக்கானல்
12 செப்டம்பர் 2024

மணிமேகலை,

எழுதப் பதினைந்து நாள் ஆயிற்று.

கூட்டத்தில் எனக்கு மூன்று மணித்துளி தந்தார்கள். முழங்கவில்லை. நாற்பத்தொரு பெயரையும் ஊரையும் படித்தேன். என் வாக்குமூலத்தைப் படித்தேன். பிறகு தலைவரே உன் மடலை முழுதும் படித்தார். ஒருவரும் மறுக்கவில்லை. கட்டுரை தவறு என்று ஒருமனதாக ஏற்றார்கள். நாம் வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது திட்ட அலுவலர் எழுந்தார். அவர் கெட்டவர் அல்லர், அதுதான் துன்பம். "நோயாளிங்க எல்லாரும் கீழ இருக்காங்கன்னு மேடமும் எழுதியிருக்காங்க, சாரும் பேரு வாரியாச் சொல்லிட்டாரு. அப்ப வண்டி கீழதான சார் நிக்கணும்? மேல எதுக்கு?"

எல்லாத் தலைகளும் அசைந்தன. முன்பு, மலையில் நோயில்லை என்பதால் ஊர்தியை மாற்ற இருந்தார்கள். இப்போது, நோய் அடிவாரத்தில் இருக்கிறது என்பதால் மாற்றினார்கள். "நோய் பிறப்பது மேலே, அங்கேயே கண்டால் எவரும் இறக்கப்பட மாட்டார்" என்று சொன்னேன். "சார், ஒண்ணு மேலங்கிறீங்க, ஒண்ணு கீழங்கிறீங்க. இருக்கிறது ஒரே வண்டி" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

செவ்வாய்தோறும் ஊர்தி இப்போது அய்யம்பாளையத்தில் நிற்கிறது. தங்கமுத்து அதைப் பார்க்கவில்லை. ஆகத்து 14 அன்று இறந்தான். சண்முகவள்ளியைப் பார்க்கப் போனேன். "வண்டி எங்க தெருவுக்கே வந்துருக்கு சார். வெள்ளனே வந்து நிக்கிது, எட்டு மணிக்கெல்லாம். அவருதேன் வெரசாப் போயிட்டாரு" என்றாள். பிறகு, "நீங்க சொல்லித்தான் வந்துச்சாமே. நல்லா இருங்க" என்றாள். அந்த வாழ்த்தைச் சுமந்துகொண்டு வத்தலக்குண்டுக்குப் பேருந்து ஏறினேன்.

முடிவாக ஒன்று. போன திங்களன்று, பேத்துப்பாறையில் மருந்தடிக்கும் இருவர், மறுநாள் ஊர்தியில் மருத்துவரைப் பார்க்கவென்று லாரியில் கீழே வந்திருக்கிறார்கள். முன்பு என்றால் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியிருப்பார்கள். இப்போது இரண்டு நாள் போய்விட்டது. திரும்ப வருவதாகச் சொன்னபோது கந்தவேல், "முடியாதவுக கீழயே இருந்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். அவர்கள் இடத்துக்குப் புதிதாக இருவர் வந்துவிட்டனர், இளையோர், திடமானோர்.

இனி மலையில் நோயாளி எவரும் இல்லை. உன் கட்டுரை பொய்யாக இருந்தது. நாம் இருவரும் அரும்பாடுபட்டு அதை மெய்யாக்கிவிட்டோம்.

எனக்கு எழுதாதே.

பவுல்

டெல்லி
21 செப்டம்பர் 2024

பவுல்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதலில் அழுகை வந்தது, பிறகு எரிச்சல் வந்தது, அதன்பிறகு ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'அவர்கள் இடத்துக்குப் புதிதாக இருவர் வந்துவிட்டனர்.'

ஆட்களை எண்ணினோம், பவுல். ஆட்களை இறக்கிவிடலாம். எந்த வரையறை போட்டாலும் லாரி அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் அவர்கள் முதுகில் சுமந்து பூச்சிமருந்து அடித்த தெளிப்பானை எவரும் இறக்குவதில்லை. பத்து ஆண்டானாலும் வாரை மாற்றி, குழாயை மாற்றி, அது மலையிலேயே இருக்கிறது. ஒரு தெளிப்பான் எத்தனை முதுகைக் கடந்து வந்திருக்கிறது என்று கேட்டால், எவரும் காணாமல் போக முடியாது. அப்போது நோய் எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு மேலே, கீழே என்று இரண்டு விடை இருக்காது.

அறக்கட்டளையின் குழு ஜனவரியில் மறுபடி கூடுவதாக அறிந்தேன். ஊர்தி பேத்துப்பாறைக்குத் திரும்ப வேண்டும் என்று அங்கே நான் பேசுகிறேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திரு. அதுவே உனக்குக் கடினமாக இருக்கும். அவர்கள் இந்த முறையும் கேட்காமல் போகலாம். கேட்பார்கள் என்று நம்பும் வயது நமக்குக் கடந்துவிட்டது. ஆனால் 'ஒண்ணு மேலங்கிறீங்க, ஒண்ணு கீழங்கிறீங்க' என்று மறுபடி ஒருவர் சிரிக்க நான் இடம் தரமாட்டேன்.

ஆறு மாத விடுப்பு எடுத்திருக்கிறேன். அக்டோபர் 5, சனிக்கிழமை காலை வத்தலக்குண்டில் இறங்குவேன். கூட்டாய்வாளர் ஐவரும் இதில் இல்லை. ஜென்சி வருவாளா என்று கேள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே.

வினாத்தாள் ஒரே பக்கம். குறி எண்கள் கிடையாது. தோட்டத்தில் தெளிப்பானோடு நிற்பவரிடம் கேட்க வேண்டியது இது: உங்களுக்கு முன் இது யார் முதுகில் இருந்தது? அவர் இப்போது எங்கே? அவரைத் தேடிப் போய் அவரிடமும் இதையே கேட்போம், அவருக்கு முன் யார் என்று.

எத்தனை நாள் ஆனாலும், ஒவ்வொரு முறையும் பெயரை எழுது.

மணிமேகலை